வாட்டர் பம்பும் கைராசியும்

பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளிருந்து குபுகுபுவென்று வந்த ஆவியைப் பெரியவள் தலையணை உறையால் விசிறிக்கொண்டிருந்தாள். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தங்கையின் சிவப்பு வண்டி வந்தது. வேறு யாராக இருந்தாலும் கையைக் காட்டி நிறுத்தியிருப்பாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பின்சீட்டு முழுக்க விடுதிக்குப் போக வேண்டிய வெள்ளைப் படுக்கை விரிப்புகள். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வந்தது தங்கை.

பெரியவள் டமாரென்று பானெட்டைச் சாத்தினாள். கொதிக்கிற வண்டிக்கு மூடி போடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டாள். ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்து, அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோடோ ரொம்ப முக்கியமாகப் பேசுகிற மாதிரி சிரித்தாள். சிவப்பு வண்டி பக்கத்தில் வந்தபோது கையையும் ஆட்டினாள். சின்னவளும் கையை ஆட்டினாள். நிற்கவில்லை. கேக் பெட்டிகள் அடுக்கிய பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"நின்னு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டாளா பாரு" என்று பெரியவளுக்கு ஆத்திரம் வந்தது. நின்றிருந்தால் அதைவிட ஆத்திரம் வந்திருக்கும்.

விரிப்புகள் வாடகை வேனில் விடுதி போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ரூமுக்கு வந்தவங்க எல்லாம் ஹால்ல சோபாவுல உட்கார்ந்திருக்காங்கம்மா. வெறும் மெத்தையைக் காட்டி, படுங்கன்னு சொல்லட்டுமா?"

"வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு சார்."

"போன தடவையும் வண்டிதான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற சலவைக் கடை பார்த்துக்குவேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது."

அந்த விடுதிதான் சலவைக் கடையின் உயிர்நாடி. மற்றவர்கள் நாலு சட்டை, ரெண்டு திரைச்சீலை என்று போடுகிறவர்கள். விடுதி போனால் பெரிய துவைக்கும் இயந்திரத்தை விற்க வேண்டியதுதான். பெரியவள் "சரி சார், சரி சார்" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அக்கா தங்கை இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலில் வாங்கிய வண்டிகள் அவை. இரண்டாக எடுத்தால் விலையில் சலுகை என்றார்கள். எந்த நிறம் வேண்டும் என்று முதலில் பெரியவளைத்தான் கேட்டார்கள். வெள்ளை என்றாள். மிச்சம் இருந்த சிவப்பு சின்னவளுக்குப் போனது. அன்றே அம்மா சிவப்பு வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சின்னவ கை பட்டா எதுவும் உழைக்கும். பெரியவ கையிலதான் ஒண்ணும் தங்காது."

இது புதிய பேச்சு இல்லை. சிறுவயதில் இருவருக்கும் ஒரே மாதிரி குடை வாங்கினார்கள். பெரியவள் குடை முதல் மழையிலேயே கம்பி பிதுங்கி வவ்வால் மாதிரி ஆகிவிட்டது. சின்னவள் குடை பள்ளிக்கூடம் முடிகிற வரை நின்றது. செருப்பு, பேனா, கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் இதே கதை. வந்தவர் போனவர் எல்லோரிடமும் அம்மா அந்தக் குடையைக் காட்டிப் பேசுவாள். பெரியவளுக்குக் கல்யாணமாகி, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும், யார் வீட்டிலாவது குடையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வண்டி வாங்கி உத்தரவாதக் காலம் முடிந்ததுமே அவள் வண்டியின் வாட்டர் பம்ப் போயிற்று. இன்ஜினுக்குள் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணிக்கிற சாமான் அது. உள்ளங்கையில் அடங்கும். அது நின்றால் வண்டியே நின்றுவிடும், விடாப்பிடியாக ஓட்டினால் இன்ஜினே வெந்துவிடும். மாற்றுகிற செலவோ வண்டியில் பாதியைக் கேட்கிற மாதிரி இருந்தது. இப்போது பாலத்தில் போனது இரண்டாவது பம்ப்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஊருக்குள்ளேயே இருந்தது. ஆனால் அது சின்னவளின் பேக்கரிக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே வண்டியை விட்டால், சின்னவள் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்ப்பாள். பெட்டி மடித்துக்கொண்டிருக்கிற அம்மாவும் பார்ப்பாள். அதற்குப் பதில் பெரியவள் வண்டியை ஆற்றிலேயே தள்ளிவிடுவாள். அதனால் ரயில்வே கேட்டுக்கு அப்பால், மரக்கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் போனாள். அவர் எதற்கெடுத்தாலும் உதட்டில் விரலை வைத்து "மூச்!" என்பார். பெரியவளின் புருஷன் அவருக்கு மூச் மெக்கானிக் என்றே பெயர் வைத்துவிட்டார்.

"இங்க வந்தது யாருக்கும் தெரியக்கூடாதுண்ணே" என்று முதல் தடவையே சொல்லி வைத்திருந்தாள்.

"மூச்! என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டேன்." பாலத்திலிருந்து இழுத்து வந்த வண்டிக்குள் தலையை விட்டபடியே அவர் பேசினார். "இதுல பாருங்கம்மா, உங்க தப்பு ஒண்ணுமில்ல. தண்ணியை அடைக்கிற சீல் மட்டமான சரக்கு. தண்ணி கசிஞ்சு பேரிங்குல இறங்குது, அப்புறம் எங்க சுத்தும்? இதே வண்டி, இதே கோளாறு, இன்னொருத்தரும் நம்மகிட்ட வர்றாங்க."

"யாரு?"

"மூச்! உங்களைப் பத்தி அவங்ககிட்ட நான் சொல்லல. அவங்களைப் பத்தி உங்ககிட்டச் சொல்வேனா?"

"அவங்களுக்கும் ரெண்டு தடவை போச்சா?"

"போச்சு, போச்சு. பாவம், மூஞ்சியே செத்துப்போய் வருவாங்க."

முகம் தெரியாத அந்த வண்டிக்காரர்மேல் பெரியவளுக்குப் பாசமே வந்துவிட்டது. உலகத்தில் தனக்கென்று ஒரு துணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் கழித்தும் மழை விடவில்லை. கடைக்குள் ஈரத்துணி வாடையும் நீராவியுமாக இருந்தது. பெரியவளும் புருஷனும் ஆளுக்கு ஒரு முனையாக விரிப்பைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மூலைக்கு மூலை சேர்த்து இழுக்க வேண்டும், கிட்டே வர வேண்டும், மறுபடி விலக வேண்டும். அவர்களுடைய பேச்சுவார்த்தை எல்லாம் பெரும்பாலும் இந்த நடையிலேயே நடக்கும்.

"அவ வண்டியை இன்னிக்கும் பார்த்தேன்" என்றாள் பெரியவள். "துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கா. ஒரு சத்தம் இல்ல. பூனை மாதிரி போகுது."

"நம்ம வண்டியும் சத்தமில்லாமத்தான் நின்னுச்சு."

"கேலி பண்ணாதீங்க. ஒரே நாள்ல வாங்கினது. என்னோடது மட்டும் ஏன் இப்படி?"

"முனையைச் சரியாப் பிடி. உனக்கு இப்ப என்ன வேணும்? நம்ம வண்டி ஓடணுமா, அவ வண்டி நிக்கணுமா?"

பெரியவள் விரிப்போடு நடந்து அவர் கிட்டே வந்தாள். முனைகளை அவர் கையில் கொடுத்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஒரே ஒரு தடவை நின்னா போதும்" என்றாள். "அம்மா உள்ள உட்கார்ந்திருக்கும்போது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை கெட்ட குணம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அந்தச் சிவப்பு நிறம் தெருமுனையில் தெரிந்தாலே அவளுக்கு நெஞ்சு காந்தியது.

மழை விட்ட வாரத்தில், கடை வாசலில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. மூன்றாவது பம்பும் கசியத் தொடங்கிவிட்டது. அதே சமயத்தில் புருஷன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இங்க பாரு, கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான். பம்ப்ல கோளாறாம். இந்த மாடல் வண்டி எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடுறான். புது மாதிரி பம்ப் இலவசமா மாட்டித் தருவானாம். முன்னாடியே சொந்தச் செலவுல மாத்தினவங்க, கழட்டின பழைய பம்பைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தச் செலவையும் தருவானாம்."

"எல்லா வண்டியுமா?"

"எல்லாம்தான். சர்வீஸ் சென்டருக்குப் போகணும்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "பேக்கரிக்கு எதிர்ல."

பெரியவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். போகவில்லை என்றால் வண்டி எந்த நேரமும் நிற்கும், விடுதி கையை விட்டுப் போகும். போனால் அம்மாவின் வாயில் விழ வேண்டும்.

"காலையில அவ கடை திறக்கறதுக்கு முன்னாடி விட்டுட்டு வந்துடுறேன்."

"உன் தங்கச்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு. அவ பேப்பர் படிக்கிற ஆள் இல்ல."

"எதுக்கு? அவ வண்டிக்குத்தான் ஒண்ணும் ஆகாதே. கைராசிக்காரி!"

"ஏய், அதே பம்புதானே அதுலயும் இருக்கு?"

"இருக்கட்டும்" என்றாள். சொன்ன பிறகு தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

பழைய பம்புகளைக் கேட்க மூச் மெக்கானிக்கிடம் போனாள். அவர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அந்த மூலையில டிரம் இருக்கு பாருங்கம்மா. அலுமினியம் எல்லாம் எடைக்குப் போடறதுக்குச் சேர்த்து வச்சிருக்கேன். உங்க மாடல் பம்ப் எல்லாம் அதுலதான் கிடக்கும்."

டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்று கிடைத்தது. இரண்டாவது. அப்புறம் மூன்றாவதும் நான்காவதும் கிடைத்தன. எல்லாம் ஒரே அச்சு.

"எதுண்ணே என்னோடது?"

"கடவுளுக்கே தெரியாது. ரெண்டு உங்களோடது, ரெண்டு அவங்களோடது."

வேலை மேசையில் பன் தின்று மீந்த ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. அதைக் கட்டியிருந்த நூலை அறுக்காமல் பக்குவமாக உருவி வைத்திருந்தார்கள். முடிச்சு அப்படியே இருந்தது. கண்ணிக்குள் கண்ணி போட்டு, ஒரு முனையை மட்டும் நீட்டமாக விட்ட முடிச்சு. அப்படிக் கட்டுகிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். அந்த முடிச்சைச் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே பெரியவள்தான்.

"அண்ணே, இந்தப் பெட்டி யார் குடுத்தா?"

"அது வந்து... அவங்கதான். வரும்போதெல்லாம் பன் கொண்டாருவாங்க."

"சிவப்பு வண்டியா?"

வண்டிக்கு அடியில் சத்தமே இல்லை. கால்கள்கூட அசையவில்லை.

"அவ என் கூடப்பிறந்த தங்கச்சிண்ணே!"

"அம்மா, நான் ஒண்ணும் சொல்லல!" என்று அவர் பதறி எழப் பார்த்து, நெற்றியை வண்டியில் இடித்துக்கொண்டார். "அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு அவங்க சத்தியம் வாங்கிட்டாங்க. அந்த அக்கா நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிமிஷத்தில் பெரியவளுக்குத் தங்கைமேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பச்சைப் பொய். சந்தோஷம்தான் வந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சந்தோஷம். அவளுடையதும் போயிருக்கிறது! இரண்டு தடவை! வாய்விட்டுச் சிரித்தாள். மெக்கானிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பயத்தோடு பார்த்தார். நான்கு பம்புகளையும் சலவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே காத்து நின்றபோதுதான் சந்தோஷம் மெதுவாக வடிந்தது. மூஞ்சியே செத்துப்போய் வருவாங்க என்று மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் தான் பாசம் வைத்திருந்த துணை அவள்தானா? ஒரு வார்த்தை பேசியிருந்தால், இரண்டு வண்டியும் ஒரே மாதிரி கெடுகிறதே என்று எப்போதோ கம்பெனிக்காரனைப் பிடித்திருக்கலாம். கேட் திறந்தது. சூடு காட்டுகிற முள் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே, நேராகப் பேக்கரிக்கு ஓட்டினாள்.

சின்னவள் கல்லாவில் இருந்தாள். அம்மா மூலை நாற்காலியில் உட்கார்ந்து கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. என்ன இந்த நேரத்துல?"

"உள்ள வா. பேசணும்."

மாவு மூட்டை அறையில், பெரியவள் பையைத் தரையில் கவிழ்த்தாள். நான்கு பம்புகளும் கடகடவென்று உருண்டன. சின்னவள் முகம் மாவு மாதிரி ஆகிவிட்டது.

"அந்தாளு சொல்லிட்டானா?"

"அவர் மூச் விடல. உன் முடிச்சு சொல்லுச்சு. எதுக்குடி எங்கிட்ட மறைச்ச?"

"நீ மட்டும்? பாலத்துல போன் பேசற மாதிரி உட்கார்ந்திருந்தியே, பானெட்டு இடுக்குல ஆவி வந்துட்டு இருந்துச்சு."

"பார்த்தியா? பார்த்துட்டும் நிக்காம போனியா?"

"எப்படி நிக்கிறது? எனக்கும் முள்ளு மேல ஏறிடுச்சுக்கா. நின்னா திரும்பக் கிளம்பாது. உனக்குக் கைய ஆட்டிட்டு, திருப்பத்துல போய் நின்னு அழுதேன். பின்னாடி கல்யாண கேக். கிரீம் பூரா உருகிப்போச்சு."

பெரியவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"எதிர்லயே சர்வீஸ் சென்டர் இருக்கே. அங்க போயிருக்கலாமே?"

"அங்க இருக்கறவங்க எல்லாம் இங்கதான் டீ குடிக்க வர்றாங்க. அம்மா காதுல விழாம இருக்குமா? அம்மாவுக்கு என் வண்டி கெட்டுப்போகாது." சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "குடையும் கெட்டுப்போகல, இல்ல? முதல் மழையிலயே கம்பி உடைஞ்சிடுச்சுக்கா. உன்னுது உடைஞ்ச அதே மழை. நான் புத்தகப் பைக்குள்ள மறைச்சு வச்சு, குடை ரிப்பேர்காரர்கிட்டக் குடுத்து வாங்கினேன். ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. அம்மா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிட்டா. அப்புறம் எப்படி உடைய விடுறது? அந்தப் பேரைக் காப்பாத்தியே என் உசுரு போகுது. உனக்கென்ன, உடைஞ்சா உடைஞ்சதுன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவ. எனக்கு உன்னைப் பார்த்தாப் பொறாமையா இருக்கும்."

"என்னைப் பார்த்தா?"

"உன்னைப் பார்த்துத்தான்."

 இத்தனை வருஷம் வயிறு எரிந்து எரிந்து, எதிர்ப்பக்கத்திலும் ஓர் அடுப்பு எரிந்ததைப் பெரியவள் பார்க்கவே இல்லை. பம்ப் விஷயத்தையும், கம்பெனி திரும்பக் கூப்பிடுவதையும், பழைய பம்புக்குப் பணம் தருவதையும் விவரமாகச் சொன்னாள். இதைத் தங்கைக்குச் சொல்லாமலே விட்டுவிட நினைத்ததை மட்டும் சொல்லவில்லை.

"பழைய பம்ப் எல்லாத்துக்குமா?" என்று கேட்டாள் சின்னவள். எழுந்து போய், அலமாரியில் பட்டர் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்த கனமான உருண்டையை எடுத்தாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். இன்னொரு பம்ப்.

"இதுதான் முதல்ல போனது. வேற ஒரு மெக்கானிக் மாத்தினான். தூக்கிப் போட மனசு வரல."

"அப்ப உனக்கு மூணா?"

"மூணு."

பெரியவள் ஐந்தாவது பம்பை உற்றுப் பார்த்தாள். இதிலும் அவள்தான் முந்தியா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. என்ன ஜென்மமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள். தரையில் கிடந்தவற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"வண்டியில கெட்டுப்போன பம்பும்மா."

"இத்தனையுமா? எல்லாம் பெரியவளோடதா?"

பெரியவள் வாயை மூடிக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி! ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சின்னவள் மாவு மூட்டையின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டாள். சின்னவளே சொன்னாள்.

"இல்லம்மா. அக்காவோடது ரெண்டுதான். மூணு என்னோடது. என் வண்டிதான் அதிகமா கெட்டுச்சு."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சின்னவள் கன்னத்தைத் தடவினாள்.

"அக்கா மனசு நோகக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறா பாரு. இந்த மனசு யாருக்கு வரும்? உன் வண்டி எங்கடி கெடும்? சின்னவளா இருந்தாலும் குணத்துல நீதான் பெரியவ." பெரியவள் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் பார்த்து ஓட்டக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு, பெட்டி மடிக்கப் போய்விட்டாள்.

சின்னவள் பரிதாபமாக அக்காவைப் பார்த்தாள். பெரியவளுக்கு முதலில் கோபம் தலைக்கு ஏறியது. பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். குடையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் நனைந்த முகம் அது. தப்பிக்கப் பார்த்தவளை அம்மா மறுபடி பிடித்து அந்த நல்ல பேருக்குள்ளேயே போட்டுவிட்டாள். பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சின்னவளும் மாவு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது மூக்கு வெள்ளையாக இருந்தது.

பம்புகளைத் திரும்பப் போட்ட சலவைப் பைக்கு இரண்டு காது. ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், அம்மா பார்க்கப் பார்க்கத் தெருவைக் கடந்தார்கள். சர்வீஸ் சென்டரில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தவர், ஐந்து பம்புகளையும் வரிசையாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நாளைக்கே இரண்டு வண்டிக்கும் புதிது மாட்டிவிடலாம் என்றார். எது யாருடையது என்று கேட்டார்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள்.

"ரெண்டு என்னோடது. மூணு அவளோடது. நல்லா பெருசா எழுதுங்க சார், எங்கம்மா கண்ணாடி போடாம படிக்கணும்."